அரைவிலை கேட்காதேயும்

உடுவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மருமகனுக்கு,

நீர் வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும், இங்கிலாந்துக் காசு வியாபாரி ஒருவரோடு எழுதிக்கொண்டதையும் வடிவாகப் பார்த்தேன். 1870ஆம் ஆண்டு ஐந்து சதச் செப்புக்காசுக்கு அவர் 40 பவுண் போட்டிருக்க, நீர் 20 கேட்டிருக்கிறீர். பதில் வரவில்லை என்றதும் மறுநாள் "கடைசி விலை என்ன?" என்று ஒரு வரி. அதோடு அவர் உம்மைத் தடுத்துவிட்டார். "மாமா, விலை குறைச்சுக் கேட்டது ஒரு குற்றமா?" என்று கேட்டிருந்தீர். கைத்தொலைபேசியில் விரலால் தட்டி முடிகிற விஷயம் இல்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசியும்.

குறைச்சுக் கேட்டது குற்றமில்லை. சுன்னாகம் சந்தையில் கேட்கிற மாதிரிக் கேட்டதுதான் பிழை. சந்தையில் மாம்பழம் விற்கிற மனிசி சொல்லும் விலையில், நீர் குறைக்கப்போகிற பங்கும் முன்கூட்டியே சேர்ந்திருக்கும். நீர் பாதி கேட்பீர். "கட்டாது தம்பி" என்பா. நீர் இரண்டடி நடப்பீர். "சரி, வாரும்" என்று கூப்பிடுவா. இரண்டு பேருக்கும் மற்றவரின் முகம் தெரிகிறது, ஆட்டமும் தெரிகிறது, யாருக்கும் மனம் நோவதில்லை.

இணையத்தில் விற்பவருக்கு உம்முடைய முகம் தெரியாது. நீர் எழுதிய ஒற்றை வரிதான் தெரியும். அவர் காசை ஒரு விலைக்கு வாங்கியிருப்பார். பெரிய விற்பனைத் தளங்கள் வியாபாரிகளிடம் பத்து வீதத்தை ஒட்டியும் அதற்கு மேலும் கொமிசன் எடுக்கின்றன. படம் எடுத்து, விவரம் எழுதி, பொதி கட்டித் தபால் கந்தோருக்குப் போகிற வேலையும் அவருடையது. இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் அவருடைய இலாபம். அப்படியிருக்க, பாதி விலை கேட்கிற ஆளைப் பற்றி அவர் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார்: ஒன்றில் இவருக்குக் காசைப் பற்றித் தெரியாது, இல்லாவிட்டால் இவர் வாங்கப் போவதில்லை. இரண்டுக்கும் அவர் நேரம் செலவழிக்க மாட்டார்.

நான் சொல்ல வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாத இடத்தில் விலையை இறக்கக்கூடியது காரணம் ஒன்றுதான். அந்தக் காரணத்தை ஒரே ஒரு தடவை, மரியாதையாக, ஒரு தொகையோடு சொல்லும். சம்மதித்தால் அன்றைக்கே பணத்தைக் கட்டும். மிச்சக் கடிதம் முழுவதும் இதற்கு விளக்கம்.

காரணம் எங்கேயிருந்து வரும்? காசைப் பற்றி நீர் அறிந்ததிலிருந்து வரும். முதலில் உலோகத்தைப் பாரும். இலங்கையின் ஐம்பது சத வெள்ளிக்காசு 1892இல் வந்தது. எடை 5.83 கிராம். 1917 வரை அடித்தவற்றில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1919இலிருந்து அடித்தவற்றில் 55 பங்குதான். எடையில் வித்தியாசமில்லை, பார்வைக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் முன்னதில் ஏறத்தாழ 4.7 கிராம் வெள்ளி, பின்னதில் 3.2 கிராம். விற்பவர்கள் இரண்டையும் "பழைய வெள்ளிக்காசு" என்று ஒரே விலையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். 1920களின் காசுக்கு 1890களின் காசின் விலை போட்டிருந்தால் அங்கே உமக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொன்னால் மறுக்க முடியாது; சொல்கிற ஆளின் மீது மதிப்பும் வரும்.

இரண்டாவது, எவ்வளவு கிடைக்கிறது என்று பாரும். பழையது என்றால் விலை கூடியது என்று நினைக்கிற பழக்கம் எங்கள் ஆக்களிடம் கனக்க உண்டு. விற்பவர்களுக்கு அது வசதி. ஒல்லாந்தக் கம்பனியின் டொயிட் காசை எடுத்துக்கொள்ளும். 1726இலிருந்து ஹொலண்ட், சீலண்ட், உத்ரெக்ட் என்று மாகாணம் மாகாணமாக அடித்து, கீழைத்தேசம் எங்கும் கொட்டினார்கள். இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் நெதர்லாந்திலும் இன்றைக்கும் அது தாராளமாகக் கிடைக்கிறது. "முந்நூறு வருசப் பழமை, மிக அரியது" என்று தலைப்புப் போட்டிருந்தால் முன்பாதியை மட்டும் நம்பும். இராசராசன் பெயரை நாகரி எழுத்தில் பொறித்த சோழர் செப்புக்காசும் அப்படித்தான். ஆயிரம் வருசப் பழமை என்பது உண்மை. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் அதே ஒல்லாந்தர், இலங்கையிலேயே தடித்த செப்பில் ஸ்டைவர் காசு அடித்தார்கள். கம்பனிச் சின்னத்துக்கு மேலே கொழும்பில் அடித்ததற்கு ஒரு எழுத்து, காலிக்கு ஒன்று, திருகோணமலைக்கு ஒன்று, யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஒன்று. எழுத்து வடிவாகத் தெரிகிற யாழ்ப்பாணக் காசு கண்ணில் பட்டால், அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். டொயிட்டுக்குக் கேட்கிற கழிவை இதற்கும் கேட்டு, ஐந்து பவுணுக்காகக் கைநழுவ விடாதேயும். எதில் இழுக்கலாம், எதில் இழுக்கக் கூடாது என்று தெரிவதும் பேரத்தின் பாதி.

மூன்றாவது, பெயர் சரியா என்று பாரும். யாழ்ப்பாணத்தை ஆண்ட எங்கள் ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசில் நந்தி இருக்கும், அதன் கீழே "சேது" என்ற தமிழ் எழுத்து இருக்கும். இராமநாதபுரம் சேதுபதிகளும் செப்புக்காசு வெளியிட்டவர்கள். இரண்டையும் கலந்து "யாழ்ப்பாண மன்னர் காசு" என்று விற்கிறவர்கள் உண்டு. எங்கள் காசுகளைப் பற்றி முதலியார் இராசநாயகம் தமது பண்டைய யாழ்ப்பாண வரலாற்று நூலிலும் சுவாமி ஞானப்பிரகாசர் தமது ஆய்வுகளிலும் எழுதியிருக்கிறார்கள். இலங்கைக் காசுகள் முழுவதற்கும் 1924இல் கொட்ரிங்டன் எழுதிய நூல் இன்றைக்கும் அடிப்படை. பேராசிரியர் புஷ்பரட்ணம் தமிழ் மன்னர்களின் காசுகளைப் பற்றித் தமிழில் எழுதியிருக்கிறார். ஒரு காசை வாங்க முதல் ஒரு புத்தகத்தை வாங்கும். புத்தகத்தின் விலை, நீர் பிழையாக வாங்காமல் விடப்போகிற முதலாவது காசோடேயே திரும்பி வந்துவிடும்.

நான்காவது, காசின் நிலை. தேய்வு, விளிம்பில் அடிபட்ட தடம், துளை, கீறல் எல்லாம் விலையைக் குறைக்கும். இவற்றை விடப் பெரியது மினுக்கல். விளக்கையும் செம்பையும் போலக் காசையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மினுக்குவது எங்கள் வீடுகளில் நெடுநாள் வழக்கம். பார்க்கப் பளபளக்கும், ஆனால் காசின் இயல்பான மேல்தோல் போய்விடும். சேர்ப்பவர்கள் அப்படியான காசை ஒதுக்குவார்கள். செப்புக்காசு ஒன்று இளஞ்சிவப்பாய்ப் பளிச்சிட்டால் அது மினுக்கிய காசா என்று விற்பவரிடமே கேளும். ஆம் என்றால் குறைப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம். நீர் மட்டும் எந்தக் காசையும் மினுக்காதேயும்.

காரணம் கிடைத்துவிட்டது. தொகையை எப்படி முடிவுசெய்வது? கேட்கிற விலைகளைப் பார்க்காதேயும், விற்ற விலைகளைப் பாரும். ஒரு காசுக்கு யாரும் எந்த விலையும் போடலாம். மூன்று வருசம் அப்படியே தொங்கிக்கொண்டும் இருக்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டுகிற வசதி இருக்கிறது. அதில் அதே காசு, அதே ஆண்டு, ஏறத்தாழ அதே நிலையில் விற்ற சில விலைகளை எடுத்து எழுதும். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளும் இணையத்தில் கிடைக்கும். அங்கே ஒரு கவனம் வேண்டும்: சுத்தியல் தட்டிய விலைக்கு மேலே வாங்குபவர் இருபது வீதம் அளவில் கட்டணம் கட்டுவது பல ஏலங்களில் வழக்கம். அதைச் சேர்க்காமல் ஒப்பிட்டால், கடைக்காரரை அநியாயமாய் அறாவிலைக்காரர் என்று நினைப்பீர். விலைப்பட்டியல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி வாதாடவும் வேண்டாம். அச்சில் வந்தது எப்போதோ யாரோ மதிப்பிட்டது. போன மாதம் ஒருவர் கட்டிய பணம் அதைவிடப் பலமான சாட்சி.

அடுத்தது, காசின் விலை வேறு, அது உம்முடைய கைக்கு வந்து சேரும் விலை வேறு. தபால் செலவு, வங்கி அட்டையில் நாணயம் மாற்றும்போது கூடுகிற வீதம், சுங்கத் தீர்வை வந்தால் அது, எல்லாவற்றையும் கூட்டித்தான் மலிவா இல்லையா என்று பார்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது உமக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் விலை மாறாமல் இருந்த காசு, இங்கேயிருந்து வாங்குகிறவருக்கு இரண்டு மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காயிற்று. அந்த நேரத்தில் பத்து வீதம் குறைத்து வாங்கியவரும் உண்மையில் கூடத்தான் கொடுத்தார்.

ஆகையால் காசின் விலையில் இறங்காத வியாபாரியிடம் தபாலில் பேசிப் பாரும். ஒரு காசை அனுப்ப 15 பவுண் என்றால், மூன்று காசைத் தனித்தனியே வாங்க 45 பவுண் தபாலுக்கே போகும். "மூன்றையும் ஒன்றாகக் கட்டி அனுப்புவீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லாமல் உமக்கு 30 பவுண் மிச்சம். உம்முடைய சித்தப்பா லண்டனில் இருக்கிறார். உள்ளூர்த் தபாலில் அவர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் இன்னும் குறையும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற யாராவது பற்றுச்சீட்டோடு கொண்டு வருவார்கள். எப்படி அனுப்பினாலும் பதிவுத் தபால் கேளும். மிச்சம்பிடிக்கப் பதிவில்லாமல் அனுப்பிய காசு தொலைந்தால், குறைத்த விலை எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும்.

இனி எழுதுகிற விதம். அந்த ஐந்து சதக் காசுக்கு நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன். நீர் இதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும்:

"வணக்கம். உங்களிடம் உள்ள 1870 ஐந்து சதக் காசைப் பார்த்தேன். தாளிப்பனை மரமும் இருபக்கத்து எழுத்தும் தெளிவாக இருக்கின்றன. விளிம்பில் மேல்பக்கம் ஓர் அடிபட்ட தடம் தெரிகிறது. இதே நிலையில் அண்மையில் விற்ற காசுகளைப் பார்த்ததில் 34 பவுண் நியாயமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. சம்மதமானால் இன்றே பணம் கட்டுவேன். முடியாவிட்டாலும் குறையில்லை. நான் இலங்கைக் காசு சேர்க்கிறவன்; உங்களிடம் வேறு காசுகள் வந்தால் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இதில் என்ன இருக்கிறது என்று பாரும். காசில் நல்லது எது என்று முதலில் சொல்லியிருக்கிறது. குறை ஒன்று, கண்ணால் பார்க்கக்கூடியது. தொகை ஒன்று, "முப்பதிலிருந்து முப்பத்தைந்துக்குள்" என்று எழுதினால் அவர் முப்பத்தைந்தைத்தான் வாசிப்பார். பணம் எப்போது வரும் என்று இருக்கிறது. விற்பவருக்கு இதுதான் காதில் இனிக்கும் வரி. மறுப்பதற்கும் வழி விட்டிருக்கிறது. இப்படி எழுதினால் ஒன்றில் சரி என்பார், இல்லாவிட்டால் 37 என்று திருப்பிச் சொல்வார். 37 உமக்குக் கட்டுமானால் வாங்கும். 36 என்று இழுக்காதேயும். ஒரு பவுணுக்காக மூன்றாவது கடிதம் எழுதுகிற ஆளை அடுத்த தடவை அவர் நினைவில் வைத்திருப்பார், நல்லபடியாக இல்லை.

எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்றால், காரணம் இருக்கிற காசுக்குப் பத்திலிருந்து பதினைந்து வீதம். "விலை கேட்கலாம்" என்ற பொத்தானை வியாபாரியே வைத்திருந்தால் இருபது வரை போகலாம். அவர் அதை எதிர்பார்த்துத்தான் விலை போட்டிருப்பார். கனகாலமாக விற்காமல் கிடக்கிற காசுக்கும் அப்படியே. கெதிப்படாதேயும். ஒரு காசைப் பார்வைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பொறுத்திருந்தால், சில வேளை அவரே குறைத்து ஒரு விலை அனுப்புவார். கேட்காமல் கிடைக்கிற கழிவும் உண்டு. ஏலத்தில் விட்ட காசுக்கு மட்டும் தனியே விலை பேசப் போகாதேயும். அங்கே உம்முடைய உச்ச விலையை முதலே தாளில் எழுதி வைத்து, அதோடு நில்லும்.

செய்யக் கூடாதவை மூன்று. ஒன்று, காசை இழித்துப் பேசுவது. "உந்தக் குப்பைக்கு இவ்வளவா?" என்று கேட்டால், பிறகு ஏன் வாங்க வந்தீர் என்று அவர் நினைப்பது நியாயம். இரண்டு, விலை ஒத்துக்கொண்ட பிறகு திரும்பவும் குறைப்பது, அல்லது "யோசித்துச் சொல்கிறேன்" என்று மறைவது. பெரிய தளங்களில் உம்முடைய விலையை அவர் ஏற்றுக்கொண்டால் நீர் வாங்கக் கடமைப்பட்டவர். மூன்று, தளத்தின் கொமிசனை மிச்சம்பிடிக்க வெளியே நேரடியாகப் பணம் அனுப்புவது. அவர் பத்து வீதம் குறைப்பார் என்பது உண்மை. காசு வராவிட்டால், அல்லது வந்தது வேறு காசாக இருந்தால், முறைப்பாடு செய்ய இடமிருக்காது என்பதும் உண்மை. தளம் தருகிற பாதுகாப்பையே அந்தப் பத்து வீதத்துக்கு விற்றுவிடுகிறீர்.

இங்கே உள்ளூரில், முகநூலிலும் இக்மன் விளம்பரத் தளத்திலும் விற்பவர்களோடு கதை வேறு. அவர்களில் பலர் வியாபாரிகள் இல்லை. பெட்டியடியில் கிடந்த காசைப் படமெடுத்துப் போட்டவர்கள். அவர்கள் போடுகிற விலைக்குக் கணக்கு இருக்காது, காதில் விழுந்த கதைதான் இருக்கும். "இந்தக் காசு இருந்தால் இலட்சம் ரூபா" என்று கைத்தொலைபேசியில் ஓடுகிற வீடியோக்களை நீரும் பார்த்திருப்பீர். இந்தியாவில் இந்தப் பெயரில் ஏமாற்று மிஞ்சிப்போய், 2021 ஓகஸ்டில் றிசேர்வ் வங்கியே அறிக்கை விட்டு மக்களை எச்சரித்தது. அந்த ஏமாற்றுக்காரர்கள் வங்கியின் பெயரையே பாவித்து வரியும் கட்டணமும் கேட்டார்கள். அப்படியான வீடியோ பார்த்துவிட்டு 1957ஆம் ஆண்டுப் புத்தஜயந்தி ஐந்து ரூபாய்க் காசுக்கு ஒருவர் இலட்சம் கேட்டால் சண்டை பிடிக்காதேயும். அது 28.28 கிராம் எடையுள்ள, நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளிக்காசு. உள்ளே 26 கிராம் அளவில் வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையையும், அண்மையில் அந்தக் காசு விற்ற இரண்டு மூன்று விலைகளையும் அனுப்பிவிட்டு, "மனம் மாறினால் எடுங்கோ" என்று தொலைபேசி இலக்கத்தைக் கொடும். முகம் தெரியாத வெளிநாட்டு வியாபாரிக்கு எழுத்து, உள்ளூர் ஆளுக்குக் குரல். ஒரு தரம் எடுத்துக் கதைத்தால் நாலு நாள் எழுதுவதில் ஆகாதது ஆகும். "அண்ணை", "அக்கா" என்று ஆரம்பிக்கிற கதைக்கு இங்கே இன்னும் மதிப்பிருக்கிறது.

மலிவைப் பற்றியும் ஒரு சொல். பேரமே தேவைப்படாத அளவுக்கு மலிவாக ஒரு நல்ல காசு வந்தால், அங்கேதான் கூடக் கவனம் வேண்டும். 1821ஆம் ஆண்டு நான்காம் ஜோர்ஜ் அரசரின் வெள்ளி ரிக்ஸ் டொலர் போல, கேட்பவர்கள் நிறைந்த காசு எதுவும் போலி செய்பவர்களின் கண்ணுக்குத் தப்பாது. தராசில் வைத்த படம் கேளும், விளிம்பின் படம் கேளும். நூலில் உள்ள எடைக்கும் தராசு காட்டுகிற எடைக்கும் தேய்வை மீறிய வித்தியாசம் இருந்தால் விட்டுவிடும். உண்மையான காசை விற்கிறவர் இந்தப் படங்களைக் கேட்டதற்குக் கோபிக்க மாட்டார். நீரும் ஒரு சின்ன எலக்ட்ரோனிக் தராசு வாங்கி வையும். நகைக்கடைக்காரருக்கு ஒவ்வொரு காசுக்கும் கரைச்சல் கொடுக்க முடியாது.

இனிச் சொல்லப்போவது பேரம் பேசவே கூடாத இரண்டு இடங்கள். நீர் இளம் ஆள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, மண்ணுக்குள்ளிருந்து வந்த காசு. எங்கள் வீட்டிலிருந்து கந்தரோடை கூப்பிடு தூரம். 1917இல் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் அங்கே ஆராய்ந்தபோது முத்திரை குத்திய வெள்ளிக்காசுகளும் இலட்சுமி உருவத் தகடுகளும் உரோமர் காசுகளும் கிடைத்தன. இந்தக் குடாநாடு ஈராயிரம் வருசத்துக்கு முன்பே கடல் கடந்து கொடுத்து வாங்கியது என்று நாங்கள் சொல்வதற்குக் கையில் இருக்கிற சாட்சிகளில் அவை முக்கியமானவை. சாட்சி ஆனது ஏன்? எங்கே கிடைத்தன என்று எழுதி வைத்ததால். அதே காசை ஒருவர் இரவில் தோண்டி, கழுவி, முகநூலில் போட்டால், அது வெறும் உலோகத் துண்டு. "கந்தரோடையில் எடுத்தது, மலிவாகத் தாறன்" என்று யாராவது எழுதினால் அந்த மலிவைத் தொடாதேயும்.

சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், பழங்காலப் பொருள்களைத் தொல்பொருள் என்று கொள்கிறது. காசும் அதற்குள் அடங்கும். நிலத்தில் கண்டெடுத்தது அரசுக்கு உரியது, கண்டவர் அறிவிக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். ஆகையால் சேதுக் காசோ ஒல்லாந்தர் ஸ்டைவரோ வாங்கும்போது, "எவருடைய சேகரிப்பிலிருந்து வந்தது, எப்போதிருந்து அவரிடம் இருக்கிறது?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கும். பதில் சொல்ல முடியாதவரிடம் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். பழம்பொருள்களைப் பார்க்க ஆசையென்றால் நாவலர் வீதியில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது, அடுத்த தடவை வரும்போது போவோம். சேர்ப்பதற்கு 1870இலிருந்து வந்த சதக் காசுகளே போதும்: கால் சதம், அரைச் சதம், 1909இல் வந்த சதுர ஐந்து சதம், 1944இல் வந்த பூவிதழ் விளிம்புப் பத்துச் சதம், அண்மையில் 2013ஆம் ஆண்டு பொறித்து இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் வந்த பத்து ரூபாய்க் காசு வரை. இவற்றை நல்ல நிலையில் முழுமையாகச் சேர்க்கவே உமக்குப் பல வருசம் வேலை இருக்கிறது.

இரண்டாவது இடம், தன்னிடம் இருப்பதன் பெறுமதி தெரியாமல் விற்கிறவர். 1995 இடப்பெயர்விலே வலிகாமத்து வீடுகள் ஒரே இரவில் வெறுமையாயின. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தவர்களுக்கு மிஞ்சியிருந்ததில் காசு முடிச்சும் ஒன்று. அதைத்தான் இன்றைக்குச் சில வயதுபோன ஆக்கள், பேரப்பிள்ளையின் தொலைபேசியில் படமெடுத்துப் போடுகிறார்கள். நூறு ரூபாய்க்கு ஒரு முடிச்சு என்று போட்டிருக்க, அதற்குள் வெள்ளிக்காசு ஒன்று உம்முடைய கண்ணில் பட்டால், நீர் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்? வியாபாரியிடம் அப்படி ஒன்று கிடைத்தால் அது உம்முடைய படிப்புக்குக் கிடைத்த கூலி. தன் சாமானை அறிவது அவருடைய தொழில். ஒரு வீட்டு ஆளிடம் அப்படி இல்லை. "அம்மா, இதில் ஒன்று வெள்ளி, இது இவ்வளவு போகும், நான் இவ்வளவு தருவேன்" என்று சொல்லி வாங்கும். உமக்கும் கொஞ்சம் இலாபம் இருக்கிற மாதிரி விலை சொல்வதில் பிழையில்லை, தெரியாததைப் பாவித்து எடுப்பதுதான் பிழை. ஊரில் இப்படி ஒரு பெயர் எடுத்துவிட்டால் அடுத்த முடிச்சு நீர் தேடாமலேயே உம்முடைய வாசலுக்கு வரும். குடாநாடு சின்ன இடம். நல்ல பெயரும் கெட்ட பெயரும் மாலைக்குள்ளே ஊர் முழுக்கப் போய்விடும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கும். காசின் ஆண்டு, எடை, நிலை, யாரிடம் வாங்கினீர், போட்ட விலை என்ன, நீர் கேட்டது என்ன, என்ன காரணம் சொன்னீர், முடிந்த விலை என்ன, தபாலோடு கைக்கு வந்த விலை என்ன. பற்றுச்சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டும். இருபது பக்கம் நிறைந்த பிறகு திருப்பிப் பார்த்தால், எந்தக் காரணத்துக்கு ஆக்கள் இறங்கினார்கள், எதற்கு இறங்கவில்லை என்று நான் சொல்லாமலே விளங்கும். இன்னொரு பயனும் உண்டு. சேர்க்கிறவன் எவனும் ஒரு நாள் விற்பான். இரட்டையாக இருக்கிற காசையாவது விற்பான். அன்றைக்கு ஒரு பெடியன் உம்மிடம் வந்து பாதி விலை கேட்பான். கோபம் வரும். அப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து, இது எங்கே வாங்கியது, என்ன எடை, ஏன் இந்த விலை என்று அவனுக்குக் காட்டும். காரணம் சொல்லிக் கேட்டால் பத்து வீதம் குறைத்தும் கொடும்.

அந்த இங்கிலாந்துக்காரரை இப்போதைக்கு விடும். அதே காசு வேறொருவரிடம் வரும். வந்தால், அனுப்ப முதல் உம்முடைய கடிதத்தை எனக்கு ஒருக்கால் காட்டும். அம்மாவையும் தங்கச்சியையும் விசாரித்ததாகச் சொல்லும். மாமியும் உம்மைக் கேட்டா. கொழும்புச் சாப்பாட்டில் மெலிந்து போனீர் என்று கவலை அவவுக்கு.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா.